முறை வைப்பதா, துறை பிரிப்பதா?

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், வீட்டுப் பொறுப்புகளுக்கு முறை வைத்துக்கொள்வது எளிது: இன்று நீ சமையல், நாளை நான். ஷிப்ட் மாறுபவர்களுக்கு வசதியும்கூட. ஆனால் குழந்தையின் தடுப்பூசித் தேதியை யார் நினைவில் வைப்பது? அது பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழும்.

துறை பிரித்தால் கதை வேறு. மருத்துவம் அப்பாவுக்கு என்றால் தேதி பார்ப்பது, லீவு போடுவது, ஊசி போட்ட இரவு காய்ச்சலுக்குக் கண்விழிப்பது எல்லாமே அவர்தான். இப்படி நினைவில் வைத்துத் திட்டமிடும் மூளை உழைப்பை 2019-இல் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் நான்காகப் பிரித்தார்: முன்கூட்டி யோசிப்பது, வழி தேடுவது, முடிவெடுப்பது, கண்காணிப்பது. முதலும் கடைசியும் பெண்கள்மேலேயே அதிகம் விழுவதையும் கண்டார். துறை பிரித்தால் நான்கும் சேர்ந்தே கைமாறும். என் ஓட்டு இதற்குத்தான். ஒருவர் வெளியூர் போகும் வாரத்தில் மட்டும் முறைக்குத் திரும்பலாம்.