காணி வழக்கில் தோற்றால்: நானே அப்பீல் போடவா, சட்டத்தரணியிடம் போகவா?

"காசில்லை, நானே அப்பீல் போடுறன்." முல்லைத்தீவு நீதிமன்றத்திலிருந்து மாங்குளம் பஸ்ஸில் திரும்புகிறவர் இப்படிச் சொன்னால், சட்டம் அவரை மறிக்காது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு அறிவித்தலிலும் (அப்பீல் போகிறேன் என்று தெரிவிக்கும் பத்திரம்), காரணங்களை எழுதும் மனுவிலும் கட்சிக்காரரே ஒப்பமிடலாம் என்கிறது சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 755ஆம் பிரிவு.

ஆனால் முதலில் வழக்கேட்டைப் பாருங்கள். பழைய சட்டத்தரணியின் புறொக்சி, அதாவது அவரை உங்களுக்காக நியமித்த பத்திரம், அதில் இருக்கும் வரை உங்கள் ஒப்பம் செல்லாது. அவரோடு கோபித்துக்கொண்டு வந்துவிட்டால் புறொக்சி நீங்கிவிடாது. அவருக்கு அறிவித்து, நீதிமன்ற அனுமதியோடு எழுத்தில் நீக்க வேண்டும். அதற்குள் தவணை ஓடிவிடும்.

அறிவித்தலுக்கு 14 நாள். தீர்ப்பு நாள், ஞாயிறு, போயா போன்ற பொது விடுமுறைகள் கழியும், சனி கழியாது. அதோடு எதிர்த்தரப்பின் செலவுக்குப் பிணையும் கட்ட வேண்டும். மனுவுக்கு 60 நாள். அது அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பு நாளிலிருந்தே ஓடும். ஞாயிறும் போயாவும் அதில் சேரும். விசாரிப்பது மாகாண மேல் நீதிமன்றம்தான், 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி. ஆனாலும் இரண்டு பத்திரங்களையும் தீர்ப்புத் தந்த நீதிமன்றத்திலேயே கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், புறொக்சி இருக்கிறபோது கோபத்தை ஒதுக்கிவைத்து அந்தச் சட்டத்தரணியைக் கொண்டே அறிவித்தலைப் போடுவிப்பதுதான் நல்லது. மனுவுக்கு, வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தீர்ப்பில் சட்டப் பிழை எது, சாட்சியத்தை மதிப்பிட்டதில் பிழை எது என்று பிரித்து எழுதுகிற இடத்தில்தான் படித்தவர் கை வேண்டும். வழக்கின் நடுவில் வந்த கட்டளை என்றால் பாதையே வேறு: 14 நாளுக்குள் மேல் நீதிமன்றத்திடம் அப்பீல் போட அனுமதி கேட்க வேண்டும்.

வன்னியில் நிறையப் பேர் மாட்டுப்படுவது ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்கில். வேலிச் சண்டை, வயல் சண்டை என்று பொலிஸ் ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிற வழக்கு அது. அந்தக் கட்டளைக்கு அப்பீலே கிடையாது, கட்டளையைத் திரும்பப் பார்க்கும்படி மேல் நீதிமன்றத்தைக் கேட்கும் மீளாய்வு மனுதான். அதற்கு நாள் குறிக்கப்படவில்லை, ஆனால் தாமதம் உங்களுக்கு எதிராகவே பேசும். விசேட காரணமும் காட்ட வேண்டும். மீளாய்வை எடுக்கச் சட்டத்தரணி இல்லாமல் போகவே வேண்டாம். அந்தக் கட்டளை காணியில் யார் இருப்பது என்பதை மட்டுமே தீர்க்கிறது. காணி உறுதி உங்கள் கையில் இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் உரித்து வழக்குப் போடும் வழி இன்னும் திறந்தே கிடக்கிறது.