நாப்கின் ஒட்டிய அட்டை: க்ளிங் ராப்பா, காயவைத்த பசையா?

பூப்போட்ட நாப்கினை அட்டையில் ஏற்றி அலங்காரத் தாள் செய்ய ஓர் அயர்ன் பாக்ஸ் போதும். இடையில் எதை வைத்து ஒட்டுவது என்பதில்தான் இரண்டு கட்சி. ஒரு கட்சி, உணவை மூடி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலமான க்ளிங் ராப்பை உருக்கி ஒட்டுகிறது. இன்னொரு கட்சி அட்டையில் வெள்ளைப் பசையைப் பூசி, முழுக்கக் காயவிட்டு, அதன் மேல் நாப்கினை வைத்துச் சூட்டில் பிடிக்கச் செய்கிறது. நான் இரண்டாவது கட்சி. க்ளிங் ராப் வேகமானது, சுலபமானது, தாளும் நெளியாது. அதில் மறுப்பே இல்லை. ஆனால் செய்த தாளைக் கத்தரிக்கத் தொடங்கிய பிறகு எது தாங்குகிறது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது.

ஈரப் பசையின் மேல் நேரடியாக நாப்கினை ஒட்டும் முறையை இங்கே சேர்க்கவில்லை. ஈரம் பட்டதும் டிஷ்யூ விரிந்து சுருக்கம் விழும். ஜாடி, மரப்பெட்டிக்கு அது அழகாகக்கூட இருக்கலாம். தட்டையான தாளுக்கு உதவாது.

முதலில் இரண்டுக்கும் பொதுவான வேலை. 33 செ.மீ. சதுர நாப்கின் ஒன்று ஏ4 அட்டையை ஒரே துண்டாக மூடி, சுற்றிலும் கொஞ்சம் மிஞ்சும். 25 செ.மீ. சிறிய நாப்கின் நீளவாக்கில் போதாது. நாப்கினில் 2 அல்லது 3 அடுக்கு இருக்கும்; அச்சு மேல் அடுக்கில் மட்டுமே. அடியில் உள்ள வெள்ளை அடுக்குகள் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கினாலும் ஒட்டு அந்த வெள்ளை அடுக்கைத்தான் பிடிக்கும். படம் தனியாக உரிந்து வந்துவிடும். விளிம்பில் புள்ளி புள்ளியாக அழுத்தியிருக்கும் இடத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். அந்தப் பட்டையை வெட்டிவிட்டு, மூலையின் அடிப்பக்கம் ஒரு துண்டு செலோடேப் ஒட்டி இழுத்தால் சுலபமாகப் பிரியும். 3 அடுக்கு நாப்கினில் இதை இரண்டு முறை செய்ய வேண்டும். பலர் ஒரு முறையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நாலாக மடித்த நாப்கினின் நடுவே சிலுவைபோல் மடிப்புக் கோடு இருக்கும். பிரித்தெடுத்த அடுக்கைப் பேக்கிங் தாளுக்கு அடியில் வைத்து, மிகக் குறைந்த சூட்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுங்கள். பேக்கிங் தாள் என்பது சிலிக்கான் பூச்சு உள்ள, எதுவும் ஒட்டாத தாள். மெழுகுத் தாள் வேண்டாம். மெழுகு உருகி டிஷ்யூவில் எண்ணெய்க் கறைபோல் இறங்கிவிடும்.

அட்டை வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்கட்டும். ஒட்டிய பிறகு டிஷ்யூவின் வெள்ளைப் பகுதி கண்ணாடிபோல் ஆகி, அடியில் உள்ள நிறம் அப்படியே தெரியும். பழுப்பு அட்டையில் ஒட்டினால் ரோஜாப்பூகூட மண் நிறத்துக்குப் போய்விடும். கனம் 160 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை சரி.

அயர்ன் பாக்ஸில் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஸ்டீமை அணைத்துவிடுங்கள். துணிகளின் சீட்டில் உள்ள புள்ளிக் குறியில் ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. இந்த வேலைக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட சூடு போதும். பஞ்சு வைத்த இஸ்திரி மேசையைவிட, ஒரு மரப்பலகையின் மேல் பருத்தித் துணியை ஒற்றையாக விரித்துக்கொள்வது நல்லது. மெத்தென்ற இடத்தில் அழுத்தினால் அட்டை குழிந்துவிடும்.

க்ளிங் ராப் முறை

அடியில் ஒரு பேக்கிங் தாள், அதன் மேல் அட்டை, அதன் மேல் சுருக்கமில்லாமல் ஒற்றை க்ளிங் ராப், அதன் மேல் நாப்கின், எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு பேக்கிங் தாள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஓர் இடத்தில் 10 விநாடி வீதம் அழுத்தி நகர்த்த வேண்டும். ஆறிய பிறகு மேல் தாளை உரித்தால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். க்ளிங் ராப் பாலிஎத்திலீனாலும் வரும், பிவிசியாலும் வரும். வேண்டியது பாலிஎத்திலீன், 110 டிகிரியை ஒட்டி அது உருகி டிஷ்யூவுக்குள் இறங்கும். பிவிசி அப்படிச் சீராக உருகாது. சூடு ஏற ஏறக் கடுநெடி அடிக்கும்; அந்தப் புகையைச் சுவாசிப்பது நல்லதல்ல. பெட்டியில் என்ன பொருள் என்று எழுதியிராவிட்டால் அதை அயர்ன் பாக்ஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இதில் பெரிய தொல்லை சுருக்கம். க்ளிங் ராப் இழுத்துச் செய்த படலம். சூடு பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். சுருங்கும்போது மேலே இருக்கும் டிஷ்யூவையும் கூடவே இழுத்துக்கொள்ளும். அந்தச் சுருக்கத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இலை நரம்பு மாதிரி இருக்கும்: நடுவே ஒரு தடித்த கோடு, இரு பக்கமும் மெல்லிய கிளைகள். ஒருமுறை விழுந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. படலத்தை விரிக்கும்போது விறைப்பாக இழுக்காமல் தளர விட்டு, கையால் தடவிப் படிய வைத்தால் இது பாதி குறையும். நாப்கினை வைத்துவிட்டு நகர்த்தவும் முடியாது. படலத்தின் நிலைமின்சாரம் டிஷ்யூவைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் கிழியும்.

காயவைத்த பசை முறை

காய்ந்த பிறகு கண்ணாடிபோல் தெளியும் சாதாரண வெள்ளைப் பசை போதும். இந்தப் பசை காய்ந்து படலமான பிறகும் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். இந்தக் குணம்தான் முறைக்கே அடிப்படை. அதனால் காய்ந்ததும் சூட்டுக்கு அசையாத வகைப் பசைகள் இதற்கு உதவா. புதுப் பசை என்றால் உள்ளங்கை அளவு அட்டையில் முதலில் சோதித்துப் பாருங்கள்; எவ்வளவு சூட்டில் இளகும் என்பது பசைக்குப் பசை மாறும்.

ஏ4 அட்டைக்கு ஒரு பூச்சுக்கு ஒரு தேக்கரண்டிப் பசை. முதல் பூச்சில் நாலு பங்குப் பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து நீளவாக்கில் பூசுங்கள். அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு, தண்ணீர் கலக்காமல், குறுக்குவாக்கில். பிரஷைவிடச் சிறிய ஸ்பாஞ்ச் உருளை நல்லது. பிரஷின் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேடான கோட்டில் டிஷ்யூ பிடித்து, பள்ளத்தில் பிடிக்காமல், சாய்த்துப் பார்த்தால் பட்டை பட்டையாக மினுங்கும். ஓரங்களை மறக்க வேண்டாம். பசை விளிம்புவரை, விளிம்பையும் தாண்டி வழியாத அளவுக்குப் போக வேண்டும்.

ஈரம் ஏறினால் அட்டை நெளியும். இந்த முறையின் உண்மையான குறை இதுதான். அட்டையின் பின்பக்கமும் ஈரப் பஞ்சால் இலேசாக ஒற்றிவிட்டால் இரு பக்கமும் ஒரே மாதிரி இழுத்து நெளிவு பெருமளவு அடங்கும். மீதியை அயர்ன் பாக்ஸே சரிசெய்துவிடும்.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. வெண்மை மறைந்து தெளிந்த பிறகும் உள்ளே ஈரம் இருக்கும். விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தோடு தேய்த்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஓர் இரவு விட்டுவிடுவது மிகவும் பாதுகாப்பு.

பிறகு நடப்பதெல்லாம் சுகமான வேலை. காய்ந்த பசையின் மேல் நாப்கினை வைத்து, பூ எந்த மூலையில் வர வேண்டுமோ அங்கே நகர்த்தி, எடுத்து, மறுபடி வைத்துப் பார்க்கலாம். பேக்கிங் தாளை மூடி, நடுவில் முதலில் அழுத்தி நிறுத்திவிட்டு வெளிப்பக்கமாகப் போங்கள். ஸ்டீம் துளைகள் இருக்கும் இடத்தில் சூடு குறைவு. அயர்ன் பாக்ஸை ஒரே இடத்தில் வைத்திருந்தால் அந்தத் துளைகளின் வடிவத்திலேயே ஒட்டாத வட்டங்கள் நிற்கும். மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தால் அது வராது. மேல் தாளை ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும். சூட்டோடு உரித்தால் பசை இளகிய நிலையிலேயே டிஷ்யூ மேலே வந்துவிடும்.

ஓரம்தான் தீர்ப்பு சொல்லும்

தாளைச் செய்து அலமாரியில் வைக்கப் போவதில்லை. வாழ்த்து அட்டைக்கும் புத்தகக்குறிக்கும் வெட்டப் போகிறோம், பஞ்ச் வைத்துப் பட்டாம்பூச்சி எடுக்கப் போகிறோம், பெட்டிக்கு மடிக்கப் போகிறோம். ஒவ்வொரு வெட்டிலும் புதிதாக ஓர் ஓரம் பிறக்கிறது. நாப்கின் தாள் கெட்டுப்போவது எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

க்ளிங் ராப் அட்டையில் உள்ளே போய் ஒன்றாவதில்லை. உருகி, அட்டையின் நார்களைக் கவ்வி நிற்கிறது, அவ்வளவுதான். அட்டை வழுவழுப்பாக இருந்தால் கவ்வவும் இடம் குறைவு. சூடு கொஞ்சம் குறைந்த இடத்தில் பார்வைக்கு ஒட்டியதுபோலவே இருக்கும். அந்த இடத்தின் நடுவே கத்தரி போனதும் ஓரம் வாய் பிளக்கும். பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு போன்ற மெல்லிய பகுதியில் படமும் அட்டையும் இரண்டாகவே வந்துவிடும். மறுபடி சூடு காட்டினால் ஒட்டலாம். ஆனால் அதற்குள் படலம் இன்னும் கொஞ்சம் சுருங்கி, படம் விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கும். பசை தடவி ஒட்டிவிடலாம் என்றால் அதுவும் நடக்காது: பாலிஎத்திலீனில் வெள்ளைப் பசை பிடிக்காது. காய்ந்ததும் தோல்போல உரிந்துவிடும்.

பசைத் தாளிலும் ஓரம் எழும்பும். எழும்பாது என்று சொன்னால் பொய். வித்தியாசம் சரிசெய்வதில் இருக்கிறது. பல்குச்சி நுனியில் அதே வெள்ளைப் பசையைத் தொட்டு, எழும்பிய ஓரத்துக்கு அடியில் வைத்து விரலால் அழுத்தினால் போதும். அயர்ன் பாக்ஸைத் திரும்பச் சூடாக்க வேண்டியதே இல்லை. வாழ்த்து அட்டையைக் கொடுக்கும் முன் கடைசி நிமிடத்தில் ஒரு மூலை எழும்பியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஓரத்தில் மிஞ்சிய டிஷ்யூவை நீக்குவதிலும் இதே கதைதான். பசைத் தாளில், நகம் ராவும் அரம் அல்லது மெல்லிய உப்புத்தாளால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுத்தால் மிஞ்சியது விளிம்போடு நறுக்கென்று அறுந்துவிடும். க்ளிங் ராப் தாளில் உப்புத்தாள் போட்டால் படலம் நூல்நூலாக இழுபடும். அதைக் கூர்மையான பிளேடால், ஆறிய பிறகு, பின்பக்கமிருந்து வெட்டுவது ஒன்றே வழி.

மடிப்பில் இரண்டும் ஏறக்குறைய சமம். மடிக்கும் இடத்தில் மழுங்கிய முனையால் அழுத்துக்கோடு போட்டு மடித்தால் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். பசைப் படலமும், மிகத் தடிமனாகப் பூசாதவரை, வெடிக்காது. படத்தின் மேல் பேனாவால் எழுத வேண்டும் என்றால் இரண்டிலும் மை கொஞ்சம் பரவும். பசைத் தாளில் மேலே ஓர் இலேசான அக்ரிலிக் வார்னிஷ் பூச்சு கொடுத்தால் பரவாது.

க்ளிங் ராப் ஜெயிக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். நோட்டுப் புத்தக அட்டை, பெட்டியின் உட்புறம் போல வெட்டாமல் முழுத் தாளாக மூடும் வேலைக்கு அதன் தட்டைத்தன்மையைப் பசைத் தாள் எட்டாது. நனையக்கூடிய பொருளுக்கு நாப்கினின் மேலேயும் ஒரு படலம் வைத்துத் தேய்க்கலாம்; ஈரத் துணியால் துடைக்கும் அளவுக்குத் தாங்கும். அதன் மேல் வேறு எதையும் பசையால் ஒட்ட முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வெட்டிய மிச்சங்களைப் பழைய தாள் கட்டில் போடவும் கூடாது. பிளாஸ்டிக் கலந்த தாள் அது.

அயர்ன் பாக்ஸ் சூட்டில் உருகித் துணிகளை ஒட்டும் பிசின் வலையையும் சிலர் சொல்வார்கள். பிடிப்பு உறுதி, ஓரமும் நிற்கும். ஆனால் டிஷ்யூ மிக மெல்லியது; வலையின் புள்ளிகள் வெளிர்நிறப் படத்தில் மேலே தெரியும். அடர்நிற நாப்கினுக்கு ஒருவேளை ஒத்துவரலாம்.

பசை முறையில் இன்னொரு வசதி, பூசிய அட்டைகளை முன்கூட்டியே பத்துப் பதினைந்து தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே அடுக்கிவிடாதீர்கள். வெயில் காலத்திலும் புழுக்கத்திலும் பசைப் படலம் இளகி, அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் அட்டையின் தோலோடு வரும். இரண்டு அட்டைக்கு நடுவே ஒரு பேக்கிங் தாள் வையுங்கள், கனமான எதையும் மேலே ஏற்றாதீர்கள். செய்து முடித்த தாள்களையும் வார்னிஷ் பூசும்வரை இப்படியேதான் வைக்க வேண்டும்.