அசெலாயிக் ஜெல்லும் அந்தக் கால்மணி நேர எரிச்சலும்

என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "அக்கா, ரோசேசியாவுக்குக் கொடுத்த மாத்திரை நெஞ்செல்லாம் எரியுது. நீங்க மாத்திரையே இல்லாம எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்றாள். ரோசேசியா என்பது முகத்தில் சிவப்பும் கொப்புளமுமாக வந்து நீடிக்கிற தோல் நோய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதே கேள்வியோடு வேறு யாராவது இருக்கலாம் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மாத்திரை என்றால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்தான். என் கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் இருந்த கொப்புளங்களை முதலில் அடக்கியது அதுதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது என் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிட்டது. இட்லியை விழுங்கினால்கூட நெஞ்செலும்புக்குப் பின்னால் வலித்தது. கொஞ்சம் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் இந்த மாத்திரை பாதி வழியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். அதனால் முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அப்புறம் அரைமணி நேரமாவது படுக்கக் கூடாது. சீட்டில் 'இரவு 1' என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்துக் கடையிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வரி சொல்லியிருந்தால் போதுமே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெயில் பட்டால் தோல் சீக்கிரம் பொசுங்குவதும் இதே மாத்திரையின் வேலைதான்.

கேட்டவளுக்கு முதல் பதில் இது: நீயாக நிறுத்தாதே, எரிச்சலை டாக்டரிடம் சொல். கிருமியைக் கொல்லாமல் அழற்சியை மட்டும் குறைக்கிற 40 மில்லிகிராம் அளவு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2006-இல் ரோசேசியாவுக்கென்றே அனுமதி பெற்றது. உனக்கு அது ஒத்துவருமா என்று கேள். எனக்குப் புண் ஆறும் வரை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பூசுகிற மருந்துகளின் பக்கம் வந்தேன்.

மெட்ரோனிடசோல் ஜெல் சாது. தொந்தரவும் இல்லை, என் முகத்தில் பெரிய பலனும் இல்லை. சிவப்பை மட்டும் சில மணி நேரம் மறைக்கும் பிரிமோனிடின் வேண்டாம் என்று டாக்டரே சொன்னார். மருந்தின் வேகம் இறங்கியதும் சிலருக்கு முன்பைவிட அதிகமாகச் சிவந்துவிடுமாம். அடுத்து வந்தது அசெலாயிக் ஆசிட் 15 சதவீத ஜெல். இன்றுவரை கூடவே இருக்கிறது.

பலன் சொல்கிறேன். கொப்புளங்கள் அடங்கின. அதைவிட எனக்குப் பெரிய சந்தோஷம், அவை விட்டுப்போன கறுப்புத் தழும்புகளும் மங்கின. நம் நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சூடும் சொரசொரப்பும்தான் நமக்குத் தெரியும், பார்ப்பவர்கள் "ஏன் முகம் இப்படிக் கறுத்துப்போச்சு?" என்பார்கள். அந்தக் கேள்வி நின்றது இந்த ஜெல்லால்தான். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் உருவாவதையும் இது கொஞ்சம் தடுக்கும் என்பதால் ஒரே டியூபில் இரண்டு வேலை. கர்ப்ப காலத்தில் டாக்சிசைக்ளினைத் தவிர்ப்பார்கள், இதைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

ஆனால் அந்த எரிச்சல்! பூசி ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் மூக்கின் ஓரத்தில் ஊசி குத்துகிற மாதிரி ஆரம்பித்து, மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் தொட்டதுபோல் கன்னம் முழுக்கப் பரவும். சொறியக் கூடாது, துடைக்கவும் கூடாது. ஃபேனுக்கு நேராக நிற்க வேண்டியதுதான். கால்மணி நேரத்தில் தணியும். சில வாரங்களில் பழகிவிடும் என்றார்கள். குறைந்தது உண்மை, போகவில்லை. சித்திரை வெயிலில் பழையபடி திரும்பி வருகிறது. அடுப்படியில் நின்றுவிட்டு வந்து பூசினால் இன்னும் மோசம். முகம் கழுவி ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் பட்டாணி அளவு ஜெல் என்று வைத்துக்கொண்டால் பாதியாகக் குறையும். இந்த வரிசையையும் நானாகத்தான் கண்டுபிடித்தேன். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து படுக்கப்போகும் நேரத்தில் தினமும் இந்த வேதனை எதற்கு என்று சலித்துப்போகிறது.

சமீபத்தில் டாக்டர் இரவுக்கு ஐவர்மெக்டின் 1 சதவீத க்ரீமை மாற்றிக் கொடுத்தார், ஜெல்லைக் காலைக்குத் தள்ளினார். தோலின் மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி எல்லோர் முகத்திலும் உண்டு, ரோசேசியா உள்ளவர்களிடம் கூடுதலாக இருக்கும். இந்த க்ரீம் அதைக் குறைக்கும், அழற்சியையும் தணிக்கும். பூசினேன், எதுவும் நடக்கவில்லை. எரியவில்லை, குத்தவில்லை, அப்படியே தூங்கிவிட்டேன். ஒரு மருந்து இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. விலைதான் கடிக்கிறது. தழும்புக்கும் இது உதவாது. எந்தப் பூச்சு மருந்தானாலும் 12 வாரமாவது பார்க்காமல் முடிவு கட்டாதே.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடையில் "முகம் பளிச்சுனு ஆயிடும்" என்று கொடுக்கும் கலவை க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். சில நாள் அற்புதமாக இருக்கும், நிறுத்தினால் ரோசேசியா இரண்டு மடங்காகத் திரும்பும். 2018-லேயே இவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி வந்தும், கேட்டால் கிடைக்கிறது. எலுமிச்சையும் கஸ்தூரி மஞ்சளும்கூட இந்த முகத்துக்கு வேண்டாம். துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீன் கட்டாயம். வெள்ளையாகத் தெரிகிறது என்றால் நிறம் கலந்ததை வாங்கு.

மதிப்பெண் போட்டால் அசெலாயிக்தான் முதலிடம். கொப்புளம், தழும்பு, விலை எதிலும் குறையில்லை. இருந்தும் இந்தக் கோடையில் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. டாக்டரிடம் ஐவர்மெக்டினை முதலில் கேள். இந்த டியூப் தீர்ந்ததும் நானும் இன்னொன்று வாங்குவதாக இல்லை. அப்புறம், கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தல் இருக்கிறதா? இருந்தால் கண் டாக்டரையும் பார்த்துவிடு, ரோசேசியா கண்ணுக்கும் வரும்.