மலைமுகட்டுக்கு எந்தச் சப்பாத்து? யாழ்ப்பாணத்தில் கிடைப்பவை பற்றி

நக்கிள்ஸ் மலைத்தொடர் பக்கம் ஒரு நாள் முகடு ஏறப் போகிறவர் யாழ்ப்பாணத்தில் சப்பாத்துத் தேடினால் மூன்று வகை அகப்படும்: கணுக்கால் மூடிய தடித்த பூட்ஸ், முன்முனையில் றப்பர் சுற்றிய தாழ்வான மலைச் சப்பாத்து, சாதாரண கன்வஸ். கொடுக்கும் காசுக்குப் பெறுமதியானது நடுவில் சொன்னதுதான்.

கையையும் ஊன்றி ஏறவேண்டிய பாறையில், இரண்டு விரல் அகல விளிம்பில் பெருவிரல் பக்கத்தை மட்டும் வைத்து நிற்க வேண்டிவரும். அந்த இடத்தில் அடிப்பாகம் மடியாமல் இருப்பதுதான் காரியம். கணுக்கால் மூடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. றப்பர் சுற்றிய மலைச் சப்பாத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே பல்லில்லாமல் ஒரு தட்டையான பகுதி இருக்கும். தேய்ந்த சாமான் என்று தள்ளிவிடாதீர்கள், பாறையைப் பிடிப்பதே அதுதான். கடைப்படியின் விளிம்பில் முன்முனையை இரண்டு சென்ரிமீற்றர் மட்டும் வைத்து ஏறி நின்று பாருங்கள். செருப்பு மாதிரி மடிந்தால் வேண்டாம்.

கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில், அட்டை கடிக்காமலிருக்கப் போடும் நீளத் துணிச் சொக்ஸையும் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். படியிறங்கும்போது விரல் முன்னால் இடித்தால் மலையில் ஒரே நாளில் நகம் கறுத்துவிடும். உடனே பெரிய சைஸ் கேட்காமல், மேல் ஓட்டைகள் இரண்டிலும் லேஸை வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள்ளால் இழுத்துக் கட்டுங்கள். குதி பின்னால் இறுகி நின்றால் இடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

இந்த மலைச் சப்பாத்தின் குறை களிமண். பல் ஆழமில்லாததால் சேறு அப்பி, மழைக்குப் பிறகு புல்சரிவில் இறங்கும்போது வழுக்கும். பாசி பிடித்த ஈரப்பாறையில் எந்த றப்பரும் நிற்காது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. கீரிமலைப் பக்கச் சொரசொரப்பான சுண்ணாம்புக்கல்லில் நடந்து பார்த்துவிட்டு 'நல்ல பிடி' என்று முடிவெடுப்பதிலும் அர்த்தமில்லை. நக்கிள்ஸில் இருப்பது வேறு பாறை.

பூட்ஸில் பெரிய ஆபத்து பழைய சரக்கு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் அனுப்பி, அலுமாரியில் வருடக்கணக்காகப் பெட்டி பிரிக்காமல் கிடக்கும் விலைகூடிய சோடிக்கும் இது பொருந்தும். பல பூட்ஸ்களில் அடியின் நடு அடுக்கு பொலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக். நம்மூர் வெக்கையும் ஈரப்பதனும் அதைப் போடாமலே உக்க வைக்கும். மேல்தோல் புதிதாகப் பளபளக்கும், பாதி வழியில் அடி கழன்று விழும். அடியின் பக்கவாட்டில் கைப்பெருவிரலால் அழுத்துங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். பசை மட்டும் விட்டிருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் சுற்றித் தைத்துக்கொள்ளலாம். உக்கிய அடி தையலைத் தாங்காது.

தண்ணீர் புகாத உட்சவ்வுக்கு மேலதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஓடை கடக்கும்போது மேல்வாயால் புகும் தண்ணீர் பிறகு லேசில் வெளியேறாது.

கன்வஸ் மலிவு, கெதியாய்க் காயும். ஆனால் கூர்க்கல் அடியால் குத்தும், விளிம்பில் நிற்க முடியாது. பாறை ஏறாமல் பாதையோடு நடக்கிறவருக்குப் போதும்.

திரும்பி வந்ததும் உள்தகட்டை எடுத்துவிட்டு, பேப்பர் திணித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பசை விடும். அடுத்த முறை பையில் நாலைந்து கேபிள் ரையும் (வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டி) போட்டுக்கொள்ளுங்கள்; வழியில் அடி கழன்றால் சப்பாத்தைச் சுற்றி இறுக்கி ஊர் வரை இறங்கிவிடலாம். ஈரத்தில் ரேப் ஒட்டாது.