கடல் குதிரைத் தொட்டி: நான்கு வருடத்தில் யார் தங்கினார்கள், யார் போனார்கள்

எங்கள் வீட்டுக் கடல் குதிரைத் தொட்டிக்கு இப்போது நான்கு வயது. 180 லிட்டர் தண்ணீர், 60 சென்டிமீட்டர் உயரம், உள்ளே ஒரு ஜோடி எரெக்டஸ் வகைக் குதிரைகள். இரண்டும் பண்ணையில் பிறந்து, உறைந்த மைசிஸ் இறாலைச் சாப்பிடப் பழகி வந்தவை. வாங்கும்போது நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். கடலில் பிடித்த குதிரை பெரும்பாலும் உயிருள்ள இரையைத்தான் தொடும், ஒட்டுண்ணிகளையும் கூடவே கொண்டுவரும். தவிர, கடல் குதிரைகள் எல்லாமே 2004 முதல் சைட்டிஸ் என்ற, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கண்காணிக்கும் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மற்றபடி வெப்பநிலை விஷயத்திலும், கூட யாரைக் குடிவைப்பது என்பதிலும் செய்யக்கூடிய தவறுகளை ஏறக்குறைய வரிசையாகச் செய்து முடித்தேன்.

அதற்கு முன்பு ஆறு வருடம் பவளத் தொட்டி வைத்திருந்தவன். அந்த அனுபவம்தான் கெடுத்தது. ஹீட்டரைக் கண்டால் கை தானாகவே 26 டிகிரிக்குத் திருப்பிவிடும். கோமாளி மீன் சாது என்பதும் அப்படிப் பழகிப்போன எண்ணம்தான். ஆக, முதல் நாள் தொட்டி இப்படி இருந்தது: 26 டிகிரி, சின்னக் கோமாளி மீன் ஒரு ஜோடி, கிளீனர் இறால் இரண்டு, துறவி நண்டு ஆறு, கொஞ்சம் நத்தைகள், நடுவில் குதிரைகள்.

கோமாளி மீன்கள் குதிரைகளைக் கடிக்கவில்லை, துரத்தவில்லை. அதனால்தான் பிரச்சினை புரிய மூன்று வாரம் ஆனது.

கடல் குதிரை சாப்பிடுவதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். மைசிஸ் ஒன்று மெதுவாகக் கீழே இறங்குகிறது. குதிரை வால் பிடியை விடாமல் உடலை மட்டும் சாய்த்து, ஒரு கண்ணை அதன் பக்கம் திருப்பும். அப்புறம் இன்னொரு கண். குழல் மூக்கை இரைக்கு ஒரு விரல் தூரத்தில் வைத்துக்கொண்டு, நகையை எடைபோட வந்தவர் மாதிரி அப்படியே நிற்கும். பத்து விநாடி, இருபது விநாடி. சில சமயம் வேண்டாம் என்று திரும்பிக்கொள்ளும். வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், கண்ணாடிக்கு வெளியே கேட்கும். இரை போன இடம் தெரியாது. இவ்வளவும் நடப்பதற்குள் கோமாளி மீன்கள் நான் போட்டதை எல்லாம் முடித்திருந்தன.

மூன்றாவது வாரம் பெண் குதிரையின் வயிறு உள்ளே ஒட்டி, எலும்பு வளையங்களின் விளிம்பு தெரிய ஆரம்பித்தது. கடல் குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. விழுங்கியது சீக்கிரமே வெளியே வந்துவிடும். நேற்றுச் சாப்பிட்டதை வைத்து இன்று சமாளிக்கலாம் என்ற பேச்சே இல்லை, தினமும் இரண்டு மூன்று வேளை வயிறு நிறைய வேண்டும். கோமாளி மீன்கள் அன்றைக்கே பழைய தொட்டிக்குப் போயின. "இது குதிரையைத் தாக்குமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து "இது எவ்வளவு வேகமாகச் சாப்பிடும்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது பாடம் முதல் கோடையில் வந்தது. ஹீட்டரை 24-க்கு இறக்கியிருந்தேன். ஆனால் ஹீட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. பம்பு, விளக்கு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் மோட்டார் எல்லாம் தங்கள் பங்குக்குச் சூட்டைச் சேர்க்க, மதியத்தில் தண்ணீர் 27-ஐத் தொட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பட்டைத் தெர்மாமீட்டரோ 25 என்றே காட்டிக்கொண்டிருந்தது. அது தண்ணீரை விடக் கண்ணாடியையும் அறையையும்தான் அளக்கிறது என்று பிறகு புரிந்தது. இப்போது தண்ணீருக்குள் இரண்டு தெர்மாமீட்டர் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் மூன்றாவதைத் தேடுவேன்.

அந்த வாரம் ஆண் குதிரையின் வால் நுனியில் ஊசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. உரசலாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாளில் புள்ளியைச் சுற்றித் தோல் உரிந்து, நுனி பழைய துணி மாதிரி நைந்துபோனது. பாக்டீரியாத் தொற்று. விப்ரியோ என்ற பாக்டீரியா கடல்நீரில் சாதாரணமாகவே இருப்பதுதான். சூடு ஏற ஏற அது வேகமாகப் பெருகும். அதே சூட்டில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், குதிரையும் தளரும். வெப்பக் கடலில் இதைவிடச் சூட்டில் குதிரைகள் வாழவில்லையா என்று நானும் வாதம் செய்தவன்தான். கடலில் கழிவை அலை அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே குதிரை அரைகுறையாகச் செரித்து விட்டதும், விழுங்காமல் விட்டதும் அதே 180 லிட்டருக்குள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அது பாக்டீரியாவுக்கு விருந்து.

ஆண் குதிரையைத் தனித் தொட்டிக்கு மாற்றி, தண்ணீரை 20 டிகிரிக்கு இறக்கி, மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் சொன்ன ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தோம். மூன்று வாரம் ஆனது. பிழைத்துக்கொண்டது, வால் மட்டும் அரை சென்டிமீட்டர் குட்டை. இன்றைக்கும் அது கிளையைச் சுற்றிப் பிடிக்கும்போது கடைசிச் சுற்று பாதியில் நின்றுவிடும்.

சரி, குளிர வைக்க வேண்டும். முதலில் ஃபேன். தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று வீசினால் ஆவியாகும் நீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். என் தொட்டியில் 2 முதல் 3 டிகிரி வரை குறைந்தது. ஆனால் தினமும் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் காணாமல் போனது. போவது வெறும் நீர், உப்பு உள்ளேயே நிற்கும். ஒரு நாள் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற மறந்தால் உப்படர்த்தி 1.025-இலிருந்து மேலே ஏறிவிடும். காற்றில் ஈரம் கூடிய நாட்களில் ஃபேன் சுற்றுவது தெரியும், பலன் தெரியாது.

ஃபேனால் வந்த இன்னொரு நஷ்டம் நான் எதிர்பாராதது. அப்போது தொட்டியில் ஒரு ஃபயர்ஃபிஷ் இருந்தது. கூச்ச சுபாவம், மிதந்து வரும் உணவில் ஒன்றிரண்டைக் கொத்திவிட்டு ஓடிப்போகும், குதிரைகளின் பக்கமே போகாது. எனக்குத் தெரிந்து நல்ல துணை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், பயந்தால் தொட்டிக்கு வெளியே குதிக்கும். ஃபேனுக்காக மூடியில் ஒரு கை அகலம் திறந்து வைத்திருந்தேன். காலையில் தரையில் கிடந்தது. வெப்பநிலையும் துணை மீனும் வேறு வேறு விஷயம் என்று பிரித்து யோசித்ததற்கு அந்த மீன் விலை கொடுத்தது. இப்போது ஃபேன் இல்லை, திறப்பு முழுக்க மெல்லிய வலை.

இரண்டாம் வருடம் சில்லர் என்ற, தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் வந்தது. இந்தத் தொட்டிக்கு நான் வாங்கியதிலேயே உருப்படியானது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். 22.5-இல் வைத்திருக்கிறேன், அரை டிகிரி மேலே கீழே போகும். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வால் புண் வரவில்லை. குறை என்றால் சத்தம் உண்டு, தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறையில் கொட்டும். முதலில் தொட்டியின் அடி அலமாரிக்குள் வைத்து மூடினேன், விட்ட சூட்டையே மறுபடி இழுத்து நிற்காமல் ஓடியது. வெளியே எடுத்து வைத்ததும் பாதி நேரம் ஓய்வெடுத்தது. மாதம் ஒரு முறை பின்பக்கத் தூசியைத் தட்ட வேண்டும். ஒரு தடவை கண்ணாடி துடைக்கும்போது கன்ட்ரோலரின் சென்சார் தண்ணீருக்கு வெளியே நழுவியதை நான் கவனிக்கவில்லை. அது அறைக் காற்றை அளந்து, சூடு சூடு என்று சொல்ல, சில்லர் ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் 18.5. குதிரைகள் அசையாமல் இருந்தன, சாப்பிடவில்லை. அவசரப்பட்டுச் சூடாக்காமல் நாள் முழுக்க எடுத்துக்கொண்டு ஏற்றினேன். இப்போது சென்சார் இரண்டு கிளிப்பில் நிற்கிறது.

ஹீட்டரும் உண்டு, குளிர் நாட்களுக்கு. அதற்குக் கூடு போட்டது என் மகளால். "அப்பா, குதிரை ஹீட்டரைக் கட்டிப்பிடிச்சிட்டுத் தூங்குது" என்று அவள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நான் ஓடினேன். குதிரைக்குப் பிடிக்க ஏதாவது வேண்டும். கிளையா, கம்பியா, சூடான கண்ணாடிக் குழாயா என்று அது பார்க்காது. நல்லவேளை, அப்போது ஹீட்டர் ஓடவில்லை. பம்பு உறிஞ்சும் வாய்க்கும் அதே காரணத்தால் பஞ்சு உறை போட்டிருக்கிறேன்.

நான் சொல்லும் இந்த 22, 23 எல்லாக் குதிரைக்கும் பொருந்தாது. எரெக்டஸ், ரெய்டி, குடா போன்றவற்றுக்கு 20 முதல் 23 டிகிரி வரை என்று வைத்துக்கொள்ளலாம். பெருவயிற்றுக் குதிரை என்ற அப்டோமினாலிஸ் குளிர்நீர் வகை, அதற்கு 16 முதல் 18 வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்க நினைப்பதே வீண்.

வெப்பநிலை முடிவானதும் துணைகளின் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிட்டது. 26-இல் துள்ளுகிற மீன்களை 22.5-க்கு இழுத்துவந்து சோர்வாக்குவதில் அர்த்தமில்லை. இதற்கு நேர்மாறும் உண்டு. கேட்டலினா கோபி என்ற சிவப்பு உடல், நீல வரி மீனை வெப்பமண்டல மீன்களோடு சேர்த்து விற்பதைப் பார்த்திருக்கிறேன். அது கலிஃபோர்னியாக் கரையின் குளிர்நீர் மீன். சூட்டில் அதன் ஆயுள் குறையும். என் தொட்டியே அதற்குச் சற்றுச் சூடுதான் என்று விட்டுவிட்டேன்.

வந்தவர்களில் எனக்கு மனசு கேட்காமல் போனது மாண்டரின் மீன். குதிரையின் அதே நிதானம், யாரோடும் வம்பில்லை. ஆனால் பாறையில் ஊரும் கோபிபாட் பூச்சிகளைத்தான் நாள் முழுக்கக் கொத்தும், குதிரைகளும் அவற்றையே நொறுக்குத் தீனியாகத் தின்றன. ஐந்து மாதத்தில் பூச்சிகள் தீர்ந்து மாண்டரினின் முதுகு ஒடுங்கியது. பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

துறவி நண்டுகள் ஆறும் ஒரே நாளில் வெளியேறின. வெற்று ஓடு நிறையப் போட்டிருந்தும், நத்தைகளைக் கொன்று ஓட்டைப் பிடுங்கின. அதைப் பொறுத்துக்கொண்டேன். ஒரு ராத்திரி ஒரு நண்டு தூங்கும் குதிரையின் வாலைக் கிளை என்று நினைத்து ஏறிக்கொண்டிருந்தது. வால் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது.

கிளீனர் இறால்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் திருட்டுப் புத்தி. குதிரை குறிவைத்துக்கொண்டிருக்கும் மைசிஸை மூக்கு முனையிலிருந்தே எடுத்துக்கொண்டு போகும். இப்போது முதலில் இறால்களுக்கு ஒரு மூலையில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்துவிட்டு, பம்பை நிறுத்தி, குதிரைகளுக்குச் சிப்பி ஓட்டில் குழாயால் இறக்குகிறேன். கால் மணி நேர வேலை. பெப்பர்மின்ட் இறால் கதை வேறு. களை மாதிரிப் பரவும் அய்ப்டேசியா என்ற கொட்டும் அனிமோனைத் தின்னட்டும் என்று இரண்டு குட்டிகளை விட்டேன். ஒரு காலை பெண் குதிரையின் குழல் மூக்கிலிருந்து ஒரு மீசை நீட்டிக்கொண்டிருந்தது. இறாலை விடுவதானால் வளர்ந்த இறாலாக விடுங்கள்.

குறையே சொல்ல முடியாதவை நத்தைகள்தான். ட்ரோக்கஸ் கண்ணாடிப் பாசியை மேயும், கவிழ்ந்தாலும் தானே நிமிரும். நாசேரியஸ் மணலுக்குள் புதைந்து கிடக்கும். மைசிஸ் வாசம் பட்டதும் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எழுந்து வந்து மிச்சத்தைத் துடைத்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் எல்லோரும் குதிரையைப் பார்க்க, நான் மணலைப் பார்ப்பேன்.

பைப்ஃபிஷ் வேண்டும் என்று ஆசை இருந்தது. குதிரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம், வேகமும் ஒன்று, வெப்பமும் ஒன்று. ஆனால் எனக்குக் கிடைத்தவை எல்லாம் கடலில் பிடித்தவை. சொந்தம் நெருங்க நெருங்க நோயும் எளிதாகத் தாவும். வேறு பண்ணையிலிருந்து இன்னொரு குதிரை சேர்ப்பதற்கே நான் தயங்குகிறேன். ட்ரிக்கர், பஃபர் மாதிரிக் கடிக்கிற மீன்களையெல்லாம் நினைத்தே பார்க்க வேண்டாம். பவளங்களில் கடல் விசிறி, காளான் பவளம், ஜோவாந்தஸ் மூன்றும் 22.5-இல் மெதுவாக வளர்ந்தாலும் நன்றாகவே இருக்கின்றன. கடல் விசிறிதான் குதிரைகளின் படுக்கை. கொட்டும் நீளக் கைகள் உள்ள சுத்தியல் பவளம், அனிமோன் வகைகள் கிடையாது. குதிரைக்குச் செதில் இல்லை, பட்ட இடம் புண்ணாகும்.

இப்போது தனிமைத் தொட்டியில், அதாவது புது வரவுகளுக்கு நோய் இருக்கிறதா என்று தனியே வைத்துப் பார்க்கும் தொட்டியில், இரண்டு பைஜாமா கார்டினல் மீன்கள் இருக்கின்றன. ஆறு வாரத்தில் நான்கு முடிந்திருக்கிறது. பகலில் இலை மாதிரி ஒரே இடத்தில் மிதக்கின்றன. வந்தபோது 25-இல் இருந்த தண்ணீரை வாரத்துக்கு ஒரு டிகிரியாக இறக்கி 22.5-க்கு வந்துவிட்டேன், சாப்பாடு குறையவில்லை. தினமும் பத்து மைசிஸ் போட்டுக் கைபேசியில் நேரம் பார்க்கிறேன். நேற்று 50 விநாடி. அதே பத்தை முடிக்க வால் குட்டையானவருக்கு நான்கு நிமிடம் ஆகிறது. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, பார்க்கலாம்.