'அடுத்து' பொத்தானை அழுத்திக்கொண்டே போகாத பாதுகாப்புப் பயிற்சி: நீண்ட நாள் அனுபவம்

பணியிடப் பாதுகாப்புப் பயிற்சியை ஆன்லைனில் நடத்த, மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில், ஊடாடும் பாடங்களை உருவாக்கும் எச்5பி (H5P) கருவிகளைச் சேர்த்துப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டுமே திறமூல மென்பொருள்கள், உரிமக் கட்டணம் கிடையாது. கிடங்கு ஆட்கள், மெஷின் ஆபரேட்டர்கள், பராமரிப்புக் குழுவினர் என்று பலருக்கும் இதில் பாடம் தயாரித்திருக்கிறேன்.

இதற்கு முன்பு இருந்தது ஆயத்தமாக வாங்கிய பாடத்தொகுப்பு. ஸ்லைடு, பின்னணிக் குரல், கடைசியில் சில கேள்விகள். பாடமும் தளமும் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஸ்கார்ம் (SCORM) முறையில், முடித்தவர் யார், மதிப்பெண் என்ன, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதெல்லாம் பதிவாகிவிடும். ஆனால் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர் ஓடுகிற கன்வேயரில் கை விடுவாரா மாட்டாரா என்பதை அந்தப் பதிவு சொல்லாது. எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

எச்5பியில் எனக்கு அதிகம் கைகொடுத்தது கிளைக்கதை வகை. ஒரு சூழலைக் காட்டி, 'இப்போது என்ன செய்வீர்கள்?' என்று கேட்டு, அவர் தேர்ந்ததற்கு ஏற்பக் கதை நகரும். நான் அதிகம் பயன்படுத்தும் கதை இது: ஷிப்ட் முடியப் போகிறது, கன்வேயரில் பெட்டி சிக்கிவிட்டது, லாரி காத்திருக்கிறது, சூப்பர்வைசர் "சீக்கிரம் எடுப்பா" என்கிறார். ஓடும்போதே இழுப்பது, அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டு இழுப்பது, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு அட்டை மாட்டிவிட்டு இழுப்பது என்று மூன்று வழிகள். முதலாவதை யாரும் தொட மாட்டார்கள். பாடம் முழுக்க இரண்டாவதில்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மெஷின் நிற்கும். ஆனால் மறுமுனையில் இருப்பவர் அதை விடுவித்து மீண்டும் ஓட்டிவிடலாம். சிலிண்டரில் காற்றழுத்தம் மிச்சம் இருக்கலாம், தூக்கி நிற்கும் பாகம் இறங்கலாம். இதை ஸ்லைடில் படித்தவர் தலையாட்டிவிட்டுப் போவார். தானே அந்த வழியைத் தேர்ந்து, மெஷின் அசைவதைத் திரையில் பார்த்தவர் "அப்போ ஸ்டாப் பட்டன் எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டு வருவார். மூன்றாவதைத் தேர்ந்தவரும் அங்கேயே தப்பிவிட முடியாது. மிச்ச அழுத்தத்தை வெளியேற்றினாரா, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ஓடவில்லை என்று சோதித்தாரா என்று கதை மேலும் கேட்கும்.

ஆகவே தவறான விடைகளை எழுதுவதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. பொறுப்பான ஒருவர் அவசரத்தில் உண்மையாகவே செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். சூப்பர்வைசரின் அவசரத்தையும் கதையிலிருந்து எடுத்துவிடக் கூடாது. விதி தெரியாமல் நடக்கும் விபத்தைவிட, தெரிந்தும் அவசரத்தில் விட்டுவிடுவதால் வரும் ஆபத்தைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. கதையில் 'என்ன செய்வீர்கள்?' என்று கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி வைத்து, அடுத்தடுத்து ஐந்து இடங்களில் தனித்தனியாகக் கிளைக்க விட்டால், கதைக்கு 32 முடிவுகள் எழுத வேண்டிவரும். ஒவ்வொரு கிளையையும் சீக்கிரம் மூலக்கதைக்குத் திருப்பிவிடுங்கள். தாளில் வரைந்து பார்த்துவிட்டுக் கணினியில் உட்காருவது நல்லது.

அடுத்து, படத்தில் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சி. நம் தளத்திலேயே எடுத்த புகைப்படமாக இருக்க வேண்டும்: தீயணைப்பானை மறைத்து அடுக்கிய பெட்டிகள், சங்கிலி போடாத கேஸ் சிலிண்டர், நைந்துபோன தூக்குப் பட்டை. எங்கோ எடுத்த பளபளப்பான படத்தைப் பார்த்தால் "இது நம்ம இடம் இல்லை" என்று மனசு விலகிவிடுகிறது. யார் முகமும் தெரியாமல் எடுங்கள். தெரிந்தால் அது பாடமாக இல்லாமல் புகாராகிவிடும்.

கேள்வி பதித்த வீடியோவும் நன்றாக வேலை செய்கிறது. தவறான பதில் வந்தால் உரிய இடத்துக்கே வீடியோவைத் திருப்பிவிடும் வசதி அருமை. முன்னே தள்ளிப் பார்ப்பதைத் தடுக்கும் வசதியும் உண்டு. அதை நான் பயன்படுத்துவதில்லை. அனுபவசாலியைக் கட்டிப்போட்டுக் கேட்க வைத்தால் கோபம்தான் மிஞ்சும். தேர்வை முதலில் வைத்து, தடுமாறிய பகுதியை மட்டும் பார்க்கச் சொன்னால் சண்டை இல்லை. இரைச்சலான இடத்தில் போனில் பார்ப்பவர்களுக்காக வீடியோவில் பேசுவதைக் காட்டும் எழுத்து வரிகள் கட்டாயம் வேண்டும். இழுத்துப் பொருத்தும் விளையாட்டுகள் சின்னத் திரையில் சிரமம்.

புள்ளி, பதக்கம், முதலிடப் பட்டியல் எதுவும் வேண்டாம் என்பது என் முடிவு. வேகமாக முடிக்கத்தான் அவை தூண்டுகின்றன.

வருடத்துக்கு ஒருமுறை நீண்ட பாடம் என்பதைவிட, இடைவெளி விட்டுச் சில கேள்விகளை அனுப்புவது மேல். கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைச் சோதித்து எழுதிவிட்டார். நாங்கள் ஷிப்ட் தொடங்கும் கூட்டத்தில் ஒரு கேள்வியைத் திரையில் போட்டுப் பேசுகிறோம். அந்தப் பேச்சில் வெளிவரும் நூலிழைத் தப்பல்கள்தான் (விபத்தாகாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்கள்) அடுத்த கதைக்குச் சரக்கு.

சரி, இதால் முடியாதது என்ன? கையால் செய்து பழகுவது. பாதுகாப்புப் பயிற்சி முறைகளைப் பற்றிய 95 ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் ஒரு கட்டுரை வந்தது. கற்பவரின் ஈடுபாடு கூடக்கூட அறிவும் கூடுகிறது, விபத்தும் குறைகிறது என்றது அது. அதிக ஈடுபாடு என்று அவர்கள் வகைப்படுத்தியது செய்து காட்டி, செய்ய வைக்கும் பயிற்சியை. தீயணைப்பானில் பின்னை இழு, தீயின் அடிப்பகுதிக்குக் குறிவை, கைப்பிடியை அழுத்து, இருபுறமும் வீசு என்ற வரிசையைத் திரையில் கற்றுக்கொடுக்கலாம். உருளையின் கனமும், சிறியது சில விநாடிகளிலேயே தீர்ந்துவிடும் என்ற உணர்வும் கையில் பிடித்தால்தான் வரும். உயரத்தில் வேலை செய்யும்போது விழாமல் காக்க அணியும் ஹார்னஸ் பட்டைகளும் அப்படியே. ஆன்லைன் பாடத்தை முன்னால் முடித்துவிட்டால், நேரடி வகுப்பில் பேச்சு குறைந்து எல்லோர் கைக்கும் கருவி போகிறது. எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இது.

மென்பொருள் இலவசம், உழைப்பு இலவசம் இல்லை. மெஷின் மாறினால், நடைமுறை மாறினால் அன்றே கதையையும் படத்தையும் மாற்ற வேண்டும். பழைய பேனலைக் காட்டும் பாடம் ஆபத்தானது. அந்த வேலைக்கென்று ஒருவருக்கு நேரம் ஒதுக்க முடியாத நிறுவனத்துக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.