சப்வூஃபரின் ஃபேஸும் நேரமும்: என் மைவியில் மூன்று ஆண்டுகள்

மலேசியாவில் செந்தூலிலிருந்து கிள்ளானுக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் என் பெரோடுவா மைவி காரின் பூட்டில் (பின்புறச் சாமான் அறையில்) தாழ்ந்த ஒலிக்கான 10 அங்குல ஸ்பீக்கரான சப்வூஃபரைப் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதலாண்டு முழுவதும், தவிலின் உயர்ந்த நாதப் பக்கமான வலந்தலை முன்னாலும் தாழ்ந்த நாதப் பக்கமான தொப்பி முதுகுக்குப் பின்னாலும் கேட்டு, ஒரே வாத்தியத்தை இருவர் பிரித்து வாசிப்பதுபோல் இருந்தது. பாஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லை என்றெண்ணி அளவைக் கூட்டக் கூட்ட, இரைச்சலே மிகுந்தது.

ஒலி ஒரு மில்லி வினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது. ஓட்டுநர் இருக்கையில் என் தலையிலிருந்து நாடா பிடித்து அளந்தபோது வலக்கதவு ஸ்பீக்கர் 90, இடக்கதவு 130, சப்வூஃபர் 170 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தன. அதாவது பாஸ் வலப்பக்க ஒலியைவிட ஏறக்குறைய 2.3 மில்லி வினாடியும் இடப்பக்க ஒலியைவிட 1.2 மில்லி வினாடியும் பிந்துகிறது. பிந்துவதை முந்தச் செய்ய இயலாது என்பதால், கதவு ஸ்பீக்கர்களுக்குத்தான் டிலே (தாமதம்) கொடுக்க வேண்டும். சப்வூஃபருக்கே கொடுப்பது, பலரும் அவ்வாறு சொன்னாலும், இத்தகைய அமைப்பில் பிழையை வளர்க்கும்.

நாடாவின் கணக்கும் போதவில்லை. தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்கும் மற்றதைக் கதவுகளுக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் ஃபில்டரும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கிறது. ஆகவே ஓர் இரவு கார் நிறுத்துமிடத்தில் கதவுகளை மூடிக்கொண்டு, கிராஸ்ஓவர் புள்ளியான 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, சப்வூஃபரின் ஃபேஸை (அலையின் ஏற்ற இறக்க நிலையை) வேண்டுமென்றே 180 பாகைக்குத் திருப்பி, கதவுகளின் டிலேயைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். ஒரே நேரத்தில் வந்துசேரும் எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால், ஒலி மிகவும் மெலியும் இடமே சரியான இடம். அங்கே ஃபேஸைப் பழையபடி திருப்பினால் பாஸ் நிறைந்து எழும். உச்சத்தைவிடப் பள்ளத்தைக் காது எளிதில் கண்டுகொள்கிறது. ஆனால் அன்றிரவு பள்ளமே கிட்டவில்லை. பொருத்திய கடையில் வலக்கதவு ஸ்பீக்கரின் இரு வயர்களையும் மாற்றி இணைத்திருந்ததை மறுநாள் கதவுப்பலகையைக் கழற்றியபோதுதான் கண்டேன். ஓராண்டு அப்படியே கேட்டிருக்கிறேன் என்பது இன்றும் வருத்துகிறது. அதைச் சரிசெய்தபின், இரு கதவுகளுக்கும் நாடாக்கணக்குக்கு மேல் 1.4 மில்லி வினாடி சேர்த்ததும் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. ஆம்ப்ளிஃபையரிலுள்ள ஃபேஸ் திருகை 0-விலேயே விட்டுவிட்டேன். அதன் மாற்றம் அலைவெண்ணுக்கு அலைவெண் வேறுபடும், டிலேயோ எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இந்த இரண்டு ஆண்டுகளில் சப்வூஃபரின் அளவை 4 டெசிபெல் குறைத்துவிட்டேன். கூட்டரசு நெடுஞ்சாலையின் டயர் இரைச்சலிலும் உருமி மேளம் டேஷ்போர்டின் மேலிருந்தே முழங்குகிறது. பக்கத்து இருக்கையில் அமரும் மனைவிக்கு இதே ஒழுங்கு கிடைப்பதில்லை. அது உண்மையான குறை. இருக்கையைச் சற்றே நகர்த்தினால் பாஸில் வேறுபாடு தெரிவதில்லை. ஆனால், தீபாவளிச் சாமான்களுக்காகச் சப்வூஃபர் பெட்டியைத் திருப்பி வைத்தபோது தொப்பி மீண்டும் பின்னால் போய்விட்டது. அதன்பின் பெட்டியின் நான்கு மூலைகளையும் பூட்டின் விரிப்பில் வெள்ளை டேப்பால் குறித்து வைத்திருக்கிறேன்.